பூட்டிய வீடுகளுக்கும் இரையும் ட்ரான்ஸ்போமர்

இரவு பத்து மணிக்குப் பிறகு யாழ்ப்பாணத் தீவகத்தின் கரம்பொன் ஒழுங்கைகளில் நடக்கிறவர்களுக்கு அந்த ஓசை பழக்கமானது. போஸ்ற்றின் மேல் ஏற்றிவைத்த ட்ரான்ஸ்போமர் இரைந்துகொண்டிருக்கும். கடைகள் பூட்டி, தொலைக்காட்சிகள் அணைந்து, அக்கம்பக்கத்து வளவுகள் பல ஆளில்லாமல் கிடக்கும் நேரத்திலும் அந்த இரைச்சல் குறைவதில்லை. ஒருவரும் கறண்ட் எடுக்காத நேரத்தில் இது எதற்காக இரைகிறது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. மின்சாரச் சிக்கனம் பற்றிப் பேசும் பெரியவர்கள் கேட்கத் தவறுகிற கேள்வியும் அதுதான்.

சிக்கனம் என்றவுடன் எமக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் வீட்டுப் படலையோடு நின்றுவிடுகின்றன. எல்.ஈ.டி. விளக்குப் போடுங்கள், குளிர்சாதனப் பெட்டியை அடிக்கடி திறக்காதீர்கள், ஆளில்லாத அறையில் மின்விசிறி சுழல வேண்டாம். எல்லாம் சரியானவை. ஆனால் மின்நிலையத்திலிருந்து எமது மீற்றர் வரை வரும் வழியிலேயே மின்சாரத்தின் ஒரு பகுதி வெப்பமாகிப் போய்விடுகிறது. 2000-ஆம் ஆண்டளவில் இலங்கையில் உற்பத்தியான மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, களவுபோனதும் சேர்த்து, வழியில் இழக்கப்பட்டது. இன்று அது பத்தில் ஒரு பங்கிலும் குறைவு. இலங்கை மின்சார சபையின் பொறியியலாளர்களும், வெயிலிலும் மழையிலும் கம்பத்தில் ஏறி வேலை செய்த தொழிலாளர்களும் இருபது ஆண்டுகளில் செய்து காட்டிய காரியம் இது. அவர்களுக்கு உரிய நன்றி இன்னும் சொல்லப்படவில்லை என்றே நினைக்கிறோம்.

மிச்சமிருக்கும் இழப்பைக் குறைப்பது கடினமான பகுதி. அது ஊருக்கு ஊர் வேறுபடும். கொழும்பில் சரியான மருந்து கரம்பொன்னுக்குப் பொருந்தாமல் போகலாம். ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, அந்த இரையும் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ட்ரான்ஸ்போமருக்குள் அசையும் பாகம் எதுவும் இல்லை. மெல்லிய உருக்குத் தகடுகளை அடுக்கிச் செய்த ஓர் இருதயம், அதைச் சுற்றிச் செம்பு அல்லது அலுமினியக் கம்பிச் சுருள்கள், இவற்றை மூடி எண்ணெய். ஊருக்குள் 33 ஆயிரம் வோல்ற்றிலோ 11 ஆயிரம் வோல்ற்றிலோ வரும் மின்சாரத்தை 400, 230 வோல்ற்றாகத் தாழ்த்தி எமக்குத் தருவது இதன் வேலை. அந்த வேலையைச் செய்யும்போது இரண்டு வகையில் மின்சாரம் வீணாகிறது.

முதலாவது இரும்பு இழப்பு. எமது மின்சாரம் செக்கனுக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னுமாகத் திசை மாறிப் பாய்வது. ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் உருக்கின் காந்தத்தைப் புரட்டிப் போட வேண்டும். புரட்டுவதற்குச் சக்தி செலவாகி வெப்பமாகிறது. புரளும்போது தகடுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீண்டு சுருங்குவதுதான் எமக்கு இரைச்சலாகக் கேட்கிறது. ஊரில் ஒரு விளக்கும் எரியாவிட்டாலும் இந்தச் செலவு நிற்காது. மேல் கம்பியில் கறண்ட் இருக்கும்வரை, இரவு பகல், மாரி கோடை, ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நடக்கும்.

இரண்டாவது செம்பு இழப்பு. சுருள்களின் வழியாகக் கறண்ட் ஓடும்போது கம்பி சூடாவதால் வருவது. இது நாம் எடுக்கும் கறண்டைப் பொறுத்தது, அதுவும் அதன் வர்க்கத்தைப் பொறுத்தது. கறண்ட் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்காகும். பாதியானால் நாலில் ஒன்றாகும்.

எமது ஊர்களில் 100, 160 கே.வி.ஏ. வலுவுள்ள ட்ரான்ஸ்போமர்கள் பரவலாக உள்ளவை. பழைய வகை 100 கே.வி.ஏ. பெட்டி ஒன்றின் இரும்பு இழப்பு 300 வாற் என்றும், முழுப் பளுவில் செம்பு இழப்பு 1,750 வாற் என்றும் வைத்துக்கொள்வோம். முழுப் பளுவில் ஓடும் நகரத்து ட்ரான்ஸ்போமருக்குச் செம்பு இழப்பே பெரிது. அதே பெட்டியை வீடுகள் ஐதான ஒரு தீவுக் கிராமத்தில் வைத்து, அதன் வலுவில் ஐந்தில் ஒன்றை மட்டும் எடுத்தால் என்ன ஆகும்? செம்பு இழப்பு இருபத்தைந்தில் ஒன்றாகி, 70 வாற்றுக்கு இறங்கிவிடும். இரும்பு இழப்பு அதே 300 வாற்றிலேயே நிற்கும். வீணாவதில் ஐந்தில் நான்கு பங்கு, எவருக்கும் பயன்படாமல் உருக்கைப் புரட்டுவதில் போகிறது.

இதை யூனிற்றில் சொன்னால் இன்னும் தெளிவாகும். 300 வாற் என்றால் நாளொன்றுக்கு 7.2 யூனிற். மாதம் 216. ஆண்டுக்கு 2,628. கட்டணப் பட்டியலின் கீழ்ப்படியைத் தாண்டிவிடக் கூடாது என்று மாதம் 60 யூனிற்றுக்குள் கவனமாக வாழும் குடும்பங்கள் எமது ஊர்களில் நிறைய. அப்படியான மூன்றரைக் குடும்பங்களின் கறண்டை ஒரு ட்ரான்ஸ்போமரின் இருதயம் மட்டும் சாப்பிடுகிறது.

இது ஏன் கரம்பொன்னுக்கும் அதன் அயலூர்களுக்கும் விசேடமான விடயம்? தனிநாயகம் அடிகள் 1913-இல் பிறந்த ஊர் என்று தமிழுலகம் அறிந்த இந்தக் கரம்பொன், ஒரு காலத்தில் ஆள் நிறைந்த ஊர். 1990-களின் தொடக்கத்தில் தீவகம் பெயர்ந்தது. யாழ் குடாநாடே ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லாமல், ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிப்பித்த காலம் அது. போர் முடிந்து, கிளிநொச்சி வழியாகச் சுன்னாகத்துக்கு 132 ஆயிரம் வோல்ற் மார்க்கம் மறுபடி அமைக்கப்பட்டு, நாட்டின் பொது மின்வலையோடு குடாநாடு இணைந்தது. கம்பி திரும்பி வந்த அளவுக்கு மனிதர்கள் திரும்பி வரவில்லை. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகளின் பெயரில் இங்கே பூட்டிய வீடுகள் நிற்கின்றன. ஆவணி விடுமுறைக்கும் கோயில் கொடியேற்றத்துக்கும் வந்து, மூன்று கிழமை விளக்கேற்றி, குளிரூட்டியும் போட்டுவிட்டு மறுபடி பூட்டிக்கொண்டு போகிறார்கள்.

ஆகவே, ஆண்டில் மிகப் பெரும்பாலான நாட்களில் மிகக் குறைந்த பளு. சில கிழமைகளுக்கு மட்டும் உச்சம். அந்தச் சில கிழமைகளை மனத்தில் வைத்து, 'பெரிதாகவே போட்டுவிடுவோம்' என்ற முடிவு இயல்பாக வருகிறது. ஊர்ச்சங்கங்களும் பெரிய ட்ரான்ஸ்போமர் கேட்டுத்தான் மனுக் கொடுக்கின்றன. இங்கே ஒரு தவறான விளக்கம் ஒளிந்திருக்கிறது. எண்ணெயில் அமிழ்ந்த ட்ரான்ஸ்போமர் சூடேற மணிக்கணக்காகும். மாலையில் சில மணி நேரம் அதன் குறித்த அளவைச் சற்று மிஞ்சினாலும், பிறகு இரவில் ஆற நேரம் கிடைக்குமானால், அது தாங்கும். அதற்கான கணக்குமுறை சர்வதேசத் தரநிலைகளிலேயே இருக்கிறது. பத்து நாள் திருவிழாவுக்காக மிச்ச 355 நாளும் பெரிய இருதயத்துக்குத் தீனி போட வேண்டியதில்லை. உச்சம் உண்மையிலேயே தாங்காத அளவென்றால், நடுவில் ஒரு பெரிய பெட்டி வைத்து நீண்ட கம்பி இழுப்பதைவிட, வீடுகளுக்குக் கிட்ட இரண்டு சிறிய பெட்டிகள் வைப்பதை யோசிக்கலாம். கம்பியின் கதைக்குப் பின்னர் வருவோம்.

இனி மருந்து. இரும்பு இழப்பைக் குறைக்க உருக்கை மாற்ற வேண்டும். 1930-களில் அமெரிக்கரான நோமன் கொஸ், உருக்கைக் குளிர்நிலையில் உருட்டி அதன் மணிகளை ஒரே திசையில் ஒழுங்குபடுத்தும் முறையைக் கண்டார். இன்று உலகின் பெரும்பாலான ட்ரான்ஸ்போமர்கள் அந்த வழிவந்த உருக்கிலேயே செய்யப்படுகின்றன. தகடு கால் மில்லிமீற்றர் தடிப்பு. 1960-இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் போல் டுவேயும் அவருடைய குழுவினரும் வேறொரு வாசலைத் திறந்தார்கள். உருகிய உலோகத்தைச் செக்கனுக்குப் பல இலட்சம் பாகை வேகத்தில் குளிர்வித்தால், அணுக்கள் வரிசையில் நிற்க நேரமின்றி, கண்ணாடியைப் போல ஒழுங்கற்று உறைந்துவிடுகின்றன. பின்னாளில் இரும்பு, போறன், சிலிக்கன் கலந்து இந்த முறையில் எடுத்த நாடா, ஒரு மில்லிமீற்றரின் நாற்பதில் ஒரு பங்கு தடிப்பு. இதன் காந்தத்தைப் புரட்டுவது மிக எளிது. இதில் செய்த ட்ரான்ஸ்போமரின் இரும்பு இழப்பு, வழமையான உருக்கில் செய்ததைவிட அறுபது எழுபது வீதம் குறைவு.

குறையும் இருக்கிறது. நாடா நொய்மையானது. பெட்டி சற்றுப் பெரிதாகவும் பாரமாகவும் வரும். விலையும் கூட. செம்பு இழப்பே பெரிதாக உள்ள நகரத்தில் இந்த மேலதிக விலை திரும்பி வர நாளெடுக்கலாம். ஆனால் மேலே சொன்ன கணக்கின்படி, பளு குறைந்த, பூட்டிய வீடுகள் நிறைந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெட்டி கிடையாது. நவீன சாதனங்கள் முதலில் பெருநகரத்துக்கு, பழசு கிராமத்துக்கு என்ற வழமை இந்த ஒரு விடயத்தில் தலைகீழாக இருக்க வேண்டும்.

உருக்கு வகையையே மாற்றாமல், வழமையான உருக்கிலும் நல்லதைத் தேர்ந்து கவனமாகச் செய்தாலே இழப்பு பெருமளவு குறையும். ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜூலையில் தன் சந்தைக்கு வரும் 100 கே.வி.ஏ. எண்ணெய் ட்ரான்ஸ்போமரின் இரும்பு இழப்பு 145 வாற்றைத் தாண்டக் கூடாது என்று விதித்தது. 2021 ஜூலையில் அதை 130 ஆக இறக்கியது. செம்பு இழப்பின் எல்லை 1,750-இலிருந்து 1,250 வாற்றுக்கு வந்தது. 160 கே.வி.ஏ. பெட்டிக்கு இன்று 189 வாற், 50 கே.வி.ஏ. பெட்டிக்கு 81 வாற். அளவு கூடினால் இரும்பின் தீனியும் கூடுகிறது என்பது இந்த எண்களிலேயே தெரியும். இந்தியாவில் குளிர்சாதனப் பெட்டிக்கு ஒட்டுவது போலவே விநியோக ட்ரான்ஸ்போமருக்கும் நட்சத்திர முத்திரை ஒட்டுகிறார்கள். இலங்கையில் ட்ரான்ஸ்போமர் செய்யும் தொழிற்சாலையே இருக்கிறது. மின்சார சபையைத் தாய்வேராகக் கொண்டு 1980-இல் தொடங்கிய லங்கா ட்ரான்ஸ்போமர்ஸ் நிறுவனம் மொறட்டுவையில் அவற்றைச் செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்பி வருகிறது. திறமை எமக்குத் தூரத்தில் இல்லை.

300 வாற் பெட்டியின் இடத்தில் 130 வாற் பெட்டி வந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,490 யூனிற் மிச்சம். ஒரு ட்ரான்ஸ்போமர் முப்பது ஆண்டு, சில வேளை நாற்பது ஆண்டு நிற்கும். முப்பதாண்டில் 44 ஆயிரம் யூனிற்றுக்கு மேல். வாங்கும்போது விலைச்சீட்டில் தெரியும் வித்தியாசத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதனால்தான் விவரமறிந்த மின்நிறுவனங்கள் கேள்விப்பத்திரம் திறக்கும்போது வெறும் விலையைப் பார்ப்பதில்லை. பெட்டியின் ஆயுட்காலத்தில் அது வீணாக்கப் போகும் யூனிற்றுகளின் பெறுமதியையும் விலையோடு கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையில் குறைந்ததை வாங்குகின்றன. அந்தக் கணக்கில் ஊருக்குத் தக்க பளுவைப் போட வேண்டும் என்பதே எமது வாதம். முழு நாட்டுக்கும் ஒரே சராசரியைப் போட்டால் கரம்பொன் போன்ற ஊர்கள் அந்தச் சராசரிக்குள் மறைந்துபோகும்.

இதை வாசித்துவிட்டு, நன்றாக ஓடும் ட்ரான்ஸ்போமர்களை எல்லாம் நாளைக்கே கழற்ற வேண்டும் என்று எவரும் எண்ண வேண்டாம். அது காசை வீணாக்குவது. பழையது எரிந்தோ, துருப்பிடித்து எண்ணெய் கசிந்தோ மாற்றவேண்டி வரும்போது, இழப்புக் குறைந்ததை வாங்குவதுதான் முறை. அப்படி மாற்றும் வேளையில் இன்னொரு தவறும் நேரும். பழுதான பெட்டியைத் திறந்து, சுருளை மறுபடி சுற்றி, வேறு ஊருக்கு அனுப்புவார்கள். தகடுகளைப் பிரித்து மறுபடி அடுக்கும்போது இடைவெளி விழுந்தாலோ, காப்புப் பூச்சு உரிந்தாலோ, இரும்பு இழப்பு முன்னையதைவிடக் கூடிவிடும். திருத்திய பெட்டி 'வேலை செய்கிறது' என்பதோடு நிறுத்தாமல், அதன் இழப்பை அளந்த பிறகே கம்பத்தில் ஏற்ற வேண்டும். அளப்பதற்கு அதிக நேரம் ஆகாது.

இப்போது கம்பிக்கு வருவோம். மின்மார்க்கத்தின் கடைசியில் இருப்பவருக்கு எப்போதும் மங்கிய வெளிச்சம்தான். தோட்டக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிணற்றடியில் நிறைந்து ஓடும் தண்ணீர், மண் வாய்க்காலில் கடைசிப் பாத்தியை அடையும்போது மெலிந்துவிடும். வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ற், கூடக் குறைய ஆறு வீதம் வரை அனுமதி. அதாவது 216-க்குக் கீழே போகக் கூடாது. நீண்ட மெல்லிய கம்பியின் கடைசியில், மாலையில் எல்லாரும் விளக்குப் போடும் நேரம், அது கீழே இறங்குகிறது. வோல்ற் குறைந்தால் கிணற்று மோட்டர் அதே வேலைக்குக் கூடுதல் கறண்டை இழுக்கும். கறண்ட் கூடினால் கம்பியில் இழப்பு அதன் வர்க்கமாகக் கூடும், வோல்ற் இன்னும் இறங்கும். கடைசியில் மோட்டர் எரியும். அந்தச் செலவு எந்த மின்சாரக் கணக்கிலும் வராது, வீட்டுக்காரரின் சட்டைப்பையில் இருந்து போகும்.

இதற்குத் தடித்த கம்பி போடுவது செலவான வேலை. செலவே இல்லாத ஒரு வேலை பல இடங்களில் செய்யப்படாமல் கிடக்கிறது. ட்ரான்ஸ்போமரில் இருந்து மூன்று பேஸ் கம்பிகள் புறப்படுகின்றன. எமது வீடுகளில் பெரும்பாலானவை ஒற்றைப் பேஸ். புதிய வீட்டுக்கு இணைப்புக் கொடுக்கும்போது கைக்கு எட்டியதில் மாட்டிவிட்டால், காலப்போக்கில் ஒரு கம்பியில் மட்டும் பாரம் ஏறிவிடும். 30 அம்பியர் கறண்ட் முழுவதும் ஒரே பேஸில் போய் நியூற்றலில் திரும்பினால் உண்டாகும் இழப்போடு, அதே 30-ஐ மூன்று பேஸிலும் பத்துப் பத்தாகப் பிரித்தால் வரும் இழப்பை ஒப்பிட்டால், பின்னது ஆறில் ஒன்று. கம்பி அதே கம்பி, ட்ரான்ஸ்போமர் அதே ட்ரான்ஸ்போமர். வேண்டியது அளக்கும் கருவியோடு ஓர் ஆள், ஏணியோடு இரண்டு ஆள். தீவகத்திலோ இன்னொரு சிக்கல் உண்டு. எந்த வீடு திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. ஒருமுறை சமப்படுத்திவிட்டு இருபது ஆண்டு மறந்துவிட முடியாது.

பிறகு உப்பு. எமது ஊரில் மின்சாதனத்துக்கு முதல் எதிரி இதுவே. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் கடலில் இருந்து உப்புத் துகளை அள்ளி வந்து கம்பிகளைத் தாங்கும் பீங்கான் காப்பிகளில் (இன்சுலேற்றர்களில்) பூசுகிறது. கழுவிவிட மழை இல்லை. உப்பு காய்ந்திருக்கும்வரை பெரிய கேடில்லை. பனி விழுந்தாலோ முதல் தூறல் விழுந்தாலோ அந்தப் பூச்சு ஈரமாகிக் கறண்டைக் கடத்தத் தொடங்கும். காப்பியின் மேலால் சிறு கசிவு ஓடும், இரவில் நீலப் பொறியாகத் தெரியும், முற்றினால் மார்க்கம் முழுவதும் துண்டிக்கப்படும். 'மழை ஒரு துளி விழ முதல் கறண்ட் போயிட்டுது' என்று நாம் சலித்துக்கொள்கிறோமே, அந்த ஒரு துளிதான் காரணம். பலத்த மழை உண்மையில் காப்பிகளைக் கழுவி நன்மை செய்கிறது. நீரை ஒட்டவிடாத சிலிக்கன் றப்பர் காப்பிகளைக் கடலோர மார்க்கங்களில் போடுவதும், கோடை முடியுமுன் பீங்கானைக் கழுவுவதும் உலகெங்கும் கடற்கரை ஊர்களில் செய்யப்படுகிறவை.

உப்பு செய்யும் மற்ற வேலை, இணைப்புகளைத் தின்பது. அலுமினியமும் செம்பும் சந்திக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கப்படும். இணைப்பு தளரும். தளர்ந்த இணைப்பில் ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கு தடை வந்துவிட்டது என்று வையுங்கள். 50 அம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் மட்டும் 25 வாற் வெப்பம். வெப்பம் அரிப்பைக் கூட்டும், அரிப்பு வெப்பத்தைக் கூட்டும். வெப்பத்தைப் படம்பிடிக்கும் கமராவோடு மாலை நேரம் மார்க்கத்தின் வழியே நடந்தால், தளர்ந்த இணைப்புகள் எல்லாம் வெள்ளையாக ஒளிர்ந்து காட்டிக்கொடுக்கும். இரு உலோகத்துக்கும் ஏற்ற கவ்விகளைப் பூட்டி, பசை தடவி, இறுக்க வேண்டும். பனைகளும் வடலிகளும் நிறைந்த எமது ஊரில் காற்றடிக்கும்போது கம்பியில் உரசும் ஓலைகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது கரம்பொன் அமைந்திருக்கும், தரைவழியாக மின்வலையோடு இணைந்த வேலணைத் தீவின் நிலை. ஊர்காவற்றுறைக்கு அப்பால் கடலில் உள்ள எழுவைதீவு, அனலைதீவு, அங்கால் நயினாதீவு, நெடுந்தீவு ஆகியவற்றின் கதை வேறு. அவை பொது மின்வலைக்கு வெளியே, டீசல் இயந்திரங்களை நம்பி ஒளிபெற்ற தீவுகள். டீசலைப் படகில் கொண்டுபோக வேண்டும். ஒரு லீற்றரில் மூன்று, கூடினால் நான்கு யூனிற் கிடைக்கும். இயந்திரம் பளு குறைந்து ஓடினால் அதுவும் கிடையாது. முன்னே சொன்ன 1,490 யூனிற்றை மிச்சப்படுத்தும் பெட்டி நெடுந்தீவில் நின்றால், ஆண்டுக்கு 370 முதல் 500 லீற்றர் வரை டீசல் மிச்சம். இரண்டு பரல் டீசலைக் கடலில் ஏற்றி இறக்காமல் விடலாம். சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்ததைக் கண்ட மக்கள் நாம். நன்னீர் அரிதான தீவில் ஒரு பரல் எண்ணெய் குறைவாக இறங்குவதன் பெறுமதி எமக்குத் தெரியும்.

இந்தத் தீவுகள் அண்மையில் உலகச் செய்தியானது வேறு காரணத்துக்காக. எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு சூரியத் தகடு, சிறு காற்றாலை, பற்றரி, டீசல் இயந்திரம் ஆகியவற்றை ஒன்றிணைத்த கலப்பு முறை அமைக்கப்பட்டது. மற்ற மூன்று தீவுகளுக்கும் அதே மாதிரி அமைக்கும் ஒப்பந்தத்தைச் சீன நிறுவனக் கூட்டொன்றுக்கு வழங்க 2021 ஜனவரியில் அமைச்சரவை அனுமதித்தது. இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சீனத் தரப்பு திட்டத்தை நிறுத்தியது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை, 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனத்தோடு ஒப்பந்தம், ஒரு கோடியே பத்து இலட்சம் அமெரிக்க டொலர் நன்கொடை. மூன்று தீவுகளுக்குமாக 1,700 கிலோவாற் சூரிய சக்தி, 530 கிலோவாற் காற்று, 2,400 யூனிற் தேக்கும் பற்றரி, துணைக்கு 2,500 கிலோவாற் டீசல்.

யார் கட்டுவது என்பது பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. கட்டிய பிறகு அந்த மின்சாரம் எந்தப் பெட்டி வழியாக, எந்தக் கம்பி வழியாக வீட்டுக்குப் போகும் என்பதைப் பற்றி ஒரு பத்திகூட நாம் காணவில்லை. சூரியன் மறைந்த பிறகு இந்தத் தீவுகளில் எரியும் ஒவ்வொரு யூனிற்றும் காற்றில் இருந்தோ, பற்றரியில் இருந்தோ, டீசலில் இருந்தோ வர வேண்டும். பழைய வகை ட்ரான்ஸ்போமர் ஒன்று பன்னிரண்டு மணி நேர இரவில் இரும்புக்கு மட்டும் 3.6 யூனிற் எடுக்கும். பத்துப் பெட்டி நின்றால் 36 யூனிற். பற்றரி மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வேர்ட்டர்களுக்கும் இப்படிச் சும்மா நிற்கும் செலவு உண்டு. பெருந்தொகை கொடுத்து வாங்கிய பற்றரியின் ஒரு பங்கு இரவு முழுவதும் உருக்கைப் புரட்டவே பயன்படும். இழப்பைக் குறைத்த பிறகு பற்றரியின் அளவைத் தீர்மானிப்பதுதான் சரியான ஒழுங்கு. பற்றரியை வாங்கிவிட்டுப் பிறகு இழப்பைப் பார்ப்போம் என்றால் செலவு கூடும்.

'மீற்றருக்கு முன்னால் போவது எனக்கெதற்கு?' என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். உங்கள் மீற்றர் அதை எண்ணுவதில்லை என்பது உண்மை. ஆனால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கட்டணத்தைத் தீர்மானிக்கும்போது, அனுமதிக்கப்பட்ட அளவு இழப்பின் செலவும் அந்தக் கணக்கில் சேர்கிறது. 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் அடுத்தடுத்து உயர்ந்தபோது நாம் எல்லோரும் கொடுத்த காசில் வெப்பமாகிப் போன யூனிற்றுகளின் விலையும் இருந்தது. இழப்பு என்றாலே களவு என்று நினைப்பவர்களும் உண்டு. களவு ஒரு பகுதிதான். அதை மடக்கிப் பிடித்தாலும் இரும்பும் கம்பியும் இணைப்பும் தின்பது தொடரும்.

இலங்கை மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்கும் சட்டம் 2024-இல் வந்துவிட்டது. உற்பத்தி ஒருவர் கையில், விநியோகம் இன்னொருவர் கையில் என்றாகும்போது, ஊர்களின் இழப்பைக் குறைப்பது யாருடைய பொறுப்பு, எந்த அளவுகோலில் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பளு குறைந்த ஊர்களுக்கு இரும்பு இழப்பின் உச்ச எல்லையைத் தனியாக விதிக்கும்படி ஆணைக்குழுவைக் கேட்கிறோம்.

ஊர்ச்சங்கங்களுக்கும் புலம்பெயர்ந்த எமது உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். தெருவிளக்கு, நீர்ப்பம்பி, கோயில் மண்டபம் என்று நீங்கள் அள்ளித் தருகிறீர்கள். அடுத்த தடவை புதிய ட்ரான்ஸ்போமர் கேட்டு மனு எழுதும்போது, 'பெரிதாக வேண்டும்' என்ற வரிக்குப் பதிலாக இரண்டு கேள்விகளை எழுதுங்கள். இந்தப் பெட்டியின் இரும்பு இழப்பு எத்தனை வாற்? முழுப் பளுவில் செம்பு இழப்பு எத்தனை வாற்? விடையை எழுத்தில் தரும்படி கேளுங்கள். அதோடு, ஊரில் மூன்று பேஸும் கடைசியாக எப்போது சமப்படுத்தப்பட்டன என்றும் கேளுங்கள். சோளகம் ஓய்ந்து மாரி தொடங்குமுன் அந்தச் சமப்படுத்தும் வேலையாவது கரம்பொன்னில் செய்து முடிக்கப்பட வேண்டும்.